பதினொரு மாதம் துவைக்காத பேண்ட்

நான் ஆரம்பித்து முடித்த காரியம் என்று எதுவும் கிடையாது. கிடார் கற்றுக்கொள்ளப் போனேன். மூன்றாவது வகுப்பில் விரல் வலிக்கிறது என்று நின்றுவிட்டேன். ஜிம்முக்கு ஒரு வருடச் சந்தா கட்டி எட்டு நாள் போனேன், அதில் இரண்டு நாள் ஜிம்முக்கே விடுமுறை. தபால் வழியில் சேர்ந்த எம்பிஏ படிப்பின் புத்தகங்கள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருக்கின்றன. அதில் ஒன்று மட்டும் பீரோவின் ஆடுகிற காலுக்கு அடியில் உழைக்கிறது. அதனால், ஒரு வருடம் ஒரு வேலையைச் செய்யாமலே இருப்பதுதான் சாதனை என்று ஒரு கூட்டம் சொன்னபோது, எனக்கென்றே யாரோ கண்டுபிடித்த விளையாட்டு என்று தோன்றியது.

செய்யாமல் இருக்க வேண்டிய வேலை, பேண்ட் துவைப்பது.

விஷயம் இதுதான். கடையில் தொங்கும் சாதாரண ஜீன்ஸ் தொழிற்சாலையிலேயே துவைத்து, தேய்த்து, வெளுக்கவைத்து வருவது. ரா டெனிம் என்று ஒன்று இருக்கிறது. அதை நெய்த பிறகு தண்ணீர் காட்டாமல் அப்படியே தைத்துவிடுவார்கள். அட்டை மாதிரி விறைப்பாக, இருட்டு நீலத்தில் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, எழுந்து, வண்டி ஓட்டி, வியர்த்து, நாமே நம் உடம்பால் அதன் சாயத்தைத் தேய்த்து எடுக்க வேண்டும். தொடை மடிப்பில் விசிறி மாதிரி வெள்ளைக் கோடுகள் வரும். அதற்குப் பூனைமீசை என்று பெயர். முழங்காலுக்குப் பின்னால் கட்டம் கட்டமாக வருவது தேன்கூடு. துவைத்தால் சாயம் மொத்தமாகக் கழன்று கோடுகள் மங்கிவிடும். ஆகவே துவைக்கக் கூடாது.

ஒரு வாட்ஸ்அப் குழுவில் நாற்பது பேர் ஒரே வாரத்தில் பேண்ட் வாங்கினோம். ஒரு வருடம் தண்ணீர் படாமல் போட வேண்டும். முடியும் நாளில் எல்லோரும் படம் போட வேண்டும். யாருடைய வெளிறல் அழகு என்று ஓட்டு. பரிசு கிடையாது. வேலை இல்லாதவர்களுக்கு எதற்குப் பரிசு?

என் மனைவி சூளூர்பேட்டைக்காரி. திருமணமாகி ஆறு வருடமாக நான் பாதியில் விட்ட காரியங்களை எண்ணிக்கொண்டு வருகிறாள். திருப்பதி வீட்டில் பேண்ட்டைப் பிரித்துக் காட்டி விவரம் சொன்னேன்.

"ஒரு வருசமா?" என்றாள்.

"ஒரு வருசம்."

"நீங்க குளிப்பீங்களா, இல்ல அதுவும் குரூப்ல கேட்டுத்தான் சொல்லணுமா?"

"குளிக்கலாம். பேண்ட்தான் குளிக்கக் கூடாது."

பேண்ட்டைத் தரையில் நிறுத்திப் பார்த்தாள். அது ஆள் இல்லாமலே நின்றது. அதைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "சரி, இதையாச்சும் முடிங்க. முடிச்சிட்டீங்கன்னா, எங்க வீட்டுக்காரு வாழ்க்கையில ஒரு காரியத்த முடிச்சாருன்னு எங்கம்மாவுக்கு போன் போட்டு நானே சொல்றேன். இதுவரைக்கும் அந்த மாதிரி ஒரு போன் போட்டதில்ல."

அந்த போன்தான் என் பரிசு என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். மாமியாருக்கு என்னைப் பற்றி இருந்த ஒரே நல்ல அபிப்பிராயம், நான் மீன் முள்ளைச் சுத்தமாக எடுப்பேன் என்பதுதான்.

முதல் மாதம் சொந்த ஊரான நகரிக்குப் போனேன். அங்கே என் அப்பா, எங்களுக்கு நைனா, நூலுக்குச் சாயம் போடுகிறவர். தெருவில் பாதி விசைத்தறிக்கு அவர் தொட்டியிலிருந்துதான் கலர் போகிறது. எங்கள் வீட்டில் 'சாயம் போய்டுச்சி' என்பது சாவுச் செய்தியின் குரலில் சொல்லப்படும் வாக்கியம். அந்த வீட்டில் பிறந்தவன், சாயம் போவதற்கென்றே செய்த துணியை, அதுவும் சாயம் போவதற்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிக்கொண்டு போய் நின்றேன்.

நைனா என் முகத்தைப் பார்க்கவில்லை. தொடையைப் பார்த்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, பேண்ட்டில் ஒரு இழுப்பு இழுத்து, விரலை என் கண்ணுக்கு நேரே பிடித்தார். நீலம்.

"ஏமாந்துட்ட," என்றார்.

"இல்ல நைனா, இது அப்படித்தான்..."

அவர் கேட்கவில்லை. குனிந்து, கால் மடிப்பில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூலை உருவி, முறுக்கைப் பிரித்து வெயிலில் காட்டினார். "பாத்தியா. மேலாக்கத்தான் நனைஞ்சி கீது. உள்ள வெள்ளையாவே கீது. சோம்பேறிப்பய முக்கி எடுத்துட்டான். குறுக்க ஓடற ஊடை நூலுக்குச் சாயமே போடல. கஞ்சிகூட எடுக்கல, தறியிலருந்து இறக்கனது அப்படியே. வேலைய முடிக்காமலே உன் தலையில கட்டிட்டான்டா."

டெனிமின் மகிமை என்று குழுவில் மூன்று வாரமாக நாங்கள் படித்துப் படித்துச் சிலிர்த்த அத்தனையையும் அவர் அரை நிமிடத்தில் குறையாகப் பட்டியலிட்டுவிட்டார். ஒன்றுகூடத் தப்பில்லை.

"இது இன்னா, கரைய மடிச்சி வெளிய காட்டிக்கினு திரியற?"

பழைய ஷட்டில் தறியில் நெய்த டெனிமுக்கு ஓரத்தில் கெட்டியான கரை வரும். அதற்காகவே தனி விலை. கரை தெரிய காலை மடித்துப் போடுவதுதான் எங்கள் கூட்டத்தின் அடையாளம். ஷட்டில் தறி ராத்திரி பகலாக இடித்த சத்தத்தில் தூக்கம் கெட்டுத்தான் நான் நகரியை விட்டே ஓடினேன். கடைசியில் அதே மாதிரித் தறியின் கரையை ஜப்பான் துணி என்று காலில் கட்டிக்கொண்டு அந்தத் தெருவிலேயே வந்து நின்றிருக்கிறேன்.

"கட எங்க சொல்லு. நான் வந்து கேக்கறேன்," என்றார்.

"ஆன்லைன்ல வாங்கனது நைனா."

"அதான்," என்று எழுந்து போய்விட்டார். இவ்வளவு சுருக்கமாக அவர் யாரையும் மன்னித்ததில்லை என்று நினைத்தேன். அது மன்னிப்பு இல்லை, ஒத்திவைப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

திருப்பதியில் எனக்கு டைல்ஸ், பாத்ரூம் சாமான்கள் விற்கும் ஷோரூமில் வேலை. வாஷ்பேசின், குழாய், வெஸ்டர்ன் கமோடு எல்லாம் பளீரென்று வெள்ளையாக வரிசையில் இருக்கும். வாடிக்கையாளர் இல்லாத மதிய நேரத்தில், மூடி போட்ட கமோடு ஒன்றின் மேல் உட்கார்ந்து குழுவில் படம் பார்ப்பது என் வழக்கம். இரண்டாவது மாதம் புத்தூரிலிருந்து வீடு கட்டும் தம்பதி வந்தார்கள். அந்த அம்மாள் வரிசையில் இருந்த பத்து கமோடுகளையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் காட்டி, "இந்த டிசைன்ல வேற கலர் கீதா?" என்று கேட்டார். மூடியின் மேல் இரண்டு நீல வட்டங்கள், மேகம் மாதிரி, பக்கத்தில் பக்கத்தில். என்னுடையவைதான். எந்தச் சோப்புக்கும் போகவில்லை. அது ஒரே ஒரு பீஸ்தான் என்று சொன்னேன். பொய் இல்லை.

வீட்டிலும் அதே கதை. மனைவியின் சந்தன நிறக் கைப்பையை வண்டியில் என் மடியில் வைத்துக்கொண்டு போனதில் அதன் ஒரு பக்கம் நீலமாயிற்று. ஸ்கூட்டர் சீட் உறை, பிளாஸ்டிக் நாற்காலி, பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக அடித்த சுண்ணாம்புச் சுவர், எல்லாவற்றிலும் நான் சாய்ந்த இடம் தெரிந்தது. திருடனாகப் போயிருந்தால் முதல் நாளே பிடித்திருப்பார்கள்.

எல்லாவற்றையும்விட மோசம் ஷூ. ரா டெனிமுக்குக் கீழே கனமான தோல் பூட்ஸ்தான் போட வேண்டும் என்று குழுவில் சொன்னார்கள். வாங்கினேன். ஒரு பக்கத்துக்கு ஒன்பது ஓட்டை, அத்தனையிலும் கயிறு. திருப்பதியில் ஒரு மனிதன் ஒரு நாளைக்கு எத்தனை முறை செருப்பைக் கழற்றுகிறான் என்று யோசிக்காமல் வாங்கியது என் தப்பு. கோயிலில் கழற்ற வேண்டும், வீட்டில் கழற்ற வேண்டும், எங்கள் முதலாளியின் அறையில் சாமி படம் இருப்பதால் அங்கேயும் கழற்ற வேண்டும். அவர் கூப்பிட்டு நான் கயிறு அவிழ்த்து உள்ளே போவதற்குள் என்னிடம் என்ன கேட்க நினைத்தார் என்பதை அவர் மறந்திருப்பார். வேலைக்கு அது வசதிதான். ஆனால் என் மனைவி தன் செருப்பை நடந்துகொண்டே உதறிவிட்டுக் கும்பிட்டு, சுற்றி வந்து, பிரசாதமும் வாங்கித் தின்னும்போது நான் இடது காலின் ஐந்தாவது ஓட்டையில் இருப்பேன்.

பூட்ஸைப் பரணில் போட்டுவிட்டு வெள்ளை கேன்வாஸ் ஷூ வாங்கினேன். மடித்த பேண்ட் கணுக்காலில் உரசி உரசி, ஒரே வாரத்தில் ஷூவின் கழுத்தைச் சுற்றி நீலம் ஏறிவிட்டது. நாளாக நாளாக அது கீழே இறங்கியது. கழுத்தில் இருட்டு, நடுவில் வானம், நுனியில் வெள்ளை.

ஐந்தாவது மாதம் வாசனை வந்தது.

வாசனைக்குக் குழுவில் வைத்தியம் இருந்தது. பேண்ட்டைப் பையில் போட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் ஒரு இரவு வைத்தால் கிருமி செத்துவிடும். அவர்கள் வீட்டு ஃப்ரீசரில் ஐஸ் மட்டும் இருக்கும் போலிருக்கிறது. எங்கள் வீட்டில் மாதம் ஒரு முறை மாமியார் சூளூர்பேட்டையிலிருந்து ரயிலில் இறாலும் நெத்திலியும் கொடுத்தனுப்புவார். நான் மடித்து வைத்ததை மனைவி மறுநாள் காலைதான் பார்த்தாள்.

"இறாலுக்குப் பக்கத்துல உங்க பேண்ட் படுத்துக்கினு கீது."

"கிருமி சாவறதுக்கு."

"இறாலு ஏற்கெனவே செத்துட்சி. அதுக்கு மேல அத ஏன் கொடுமப்படுத்தறீங்க?"

கிருமி செத்ததா தெரியாது. அன்றிலிருந்து பேண்ட்டில் லேசாக மீன் சேர்ந்துகொண்டது. டவுனில் வண்டியை நிறுத்தினால் பூனைகள் எழுந்து உட்கார்ந்தன. பூனைமீசை என்பதைப் பூனைகளும் நம்பிவிட்டன போல.

முதலாளி தெலுங்குக்காரர், பெரியவர், சுத்தம் பார்ப்பவர். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். ஷூவைக் கழற்றிவிட்டுப் போனேன். மூக்கைச் சுருக்கி, "ஏமி பாபு, தினமும் இதே பேண்ட்டுதானா?" என்றார்.

வேலை போய்விடும் என்று ஒரு பயம். குழுவைப் பற்றி அவருக்கு விளக்க முடியாது என்று இன்னொரு பயம். வாயில் வந்ததைச் சொன்னேன். "மொக்கு சார்."

மொக்கு என்றால் தெலுங்கில் வேண்டுதல். திருப்பதியில் அந்த ஒரு சொல்லுக்கு மேல் கேள்வி கிடையாது. முடி வெட்டாமல் இருக்கலாம், செருப்பில்லாமல் நடக்கலாம், பேசாமல் இருக்கலாம். மொக்கு என்றால் எல்லோரும் வழிவிடுவார்கள். அவர் முகம் மாறிவிட்டது. "முந்தே செப்பாலி கதா," முன்பே சொல்லியிருக்கலாமே என்று வருத்தப்பட்டார். "எத்தன நாளு?"

"ஒரு வருசம் சார்."

அவர் எழுந்து, சாமி படத்துக்கு முன்னால் எரிந்த ஊதுவத்திகளில் இரண்டை எடுத்து நான் நிற்கும் பக்கமாகச் செருகினார். அன்றிலிருந்து நான் நிற்கும் இடத்தில் தினமும் ஊதுவத்தி எரிந்தது. பக்திக்கா பாதுகாப்புக்கா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பொய் சொல்லிவிட்ட உறுத்தலில், அதற்குக் கொஞ்சமாவது உண்மை சேர்க்கலாம் என்று எட்டாவது மாதம் நானும் மனைவியும் அலிபிரி படி வழியாகத் திருமலை ஏறினோம். இதுவும் முழு உண்மை இல்லை. தேன்கூடு சரியாக விழவில்லை. படி ஏறினால் முழங்கால் மடங்கி மடங்கி நன்றாக விழும் என்று கணக்கு. தரிசனத்துக்கு வேட்டி பையில் இருந்தது. ஏறுவதற்கு மட்டும் ஜீன்ஸ். ஷூவை அடிவாரத்தில் கொடுத்தபோது, வாங்கி வைத்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கலர் கரைஞ்சி போச்சே தம்பி," என்று துக்கம் விசாரித்தார்.

படியில், ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டே ஏறிய ஒரு அம்மாள் என்னைப் பார்த்து நின்றுவிட்டார். நான் முட்டியைத் தேவைக்கு மேல் மடக்கி, ஒவ்வொரு படியிலும் ஒரு சின்ன உட்கார்தல் போட்டு ஏறிக்கொண்டிருந்தேன்.

"முட்டி போட்டு ஏறற வேண்டுதலாப்பா?"

"அவருக்கு முட்டியில பூ பூக்கணும்னு வேண்டுதல்மா," என்றாள் என் மனைவி. அந்த அம்மாள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு என் முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தப் படியில் எனக்கு வந்த வெட்கம் ஏழாவது மைல் வரை போகவில்லை. ஆனால் தேன்கூடு அருமையாக விழுந்தது.

பதினொரு மாதம் முடிந்தபோது பேண்ட் ஒரு தரிசனமாகவே ஆகிவிட்டது. வலது தொடையில் ஆறு மீசை, இடதில் ஐந்து. வலது பாக்கெட்டில் போன் உட்கார்ந்த இடம் செவ்வகமாக வெளுத்திருந்தது. மனைவிகூட ஒருநாள் கொடியில் தொங்கியதை வெயிலில் பார்த்துவிட்டு, "பரவால்ல, எதோ பண்ணிதான் வெச்சிருக்கீங்க," என்றாள். எங்கள் வீட்டில் அது பாராட்டு விழா. இன்னும் பத்தொன்பது நாள். போனில் மாமியாரின் நம்பரை அவள் எப்படி அழுத்தப் போகிறாள் என்பதையெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நகரிக்குப் போகாமல் இருந்திருக்கலாம். அம்மா ஆட்டுக்கறி என்று சொன்னாள். மனைவிக்கு வேலை இருந்ததால் நான் மட்டும் போனேன். போனதும் லுங்கிக்கு மாறி, பேண்ட்டை நடையில் இருந்த ஆணியில் மாட்டினேன். நைனா அதைப் பார்த்தார். சாப்பிடும்போதும் அடிக்கடி நடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நோயாளியைப் பார்க்க வந்தவர் மாதிரி.

"துன்னுட்டு கொஞ்சம் படுடா, முகமே வாடிக் கீது," என்றாள் அம்மா. படுத்தேன்.

விழித்தபோது ஆணி மட்டும் இருந்தது.

"பேண்ட் எங்கம்மா?"

"உங்க நைனா எத்துக்கினு போனாரு," என்றாள் அம்மா, பூண்டு உரித்துக்கொண்டே. "காலையிலருந்து அதையே பாத்துக்கினு இருந்தாரு, பாவம். மனசு கேக்கல அவுருக்கு."

வீட்டுக்குப் பின்னால் சாயப்பட்டறை. லுங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நைனா சட்டையில்லாமல் தொட்டியருகே நின்று, நூல் சிட்டம் திருப்புகிற கோலால் எதையோ மெதுவாக, அன்பாகத் திருப்பிக்கொண்டிருந்தார். ஆவி பறந்தது. தொட்டிக்குள்ளிருந்து ஒரு கால் மேலே வந்து, என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே போயிற்று. என் கால்.

"வந்துட்டியா," என்றார் நைனா. "ஊறிக்கினு கீது. மொதல்ல சுடுதண்ணில போட்டு கஞ்சி எடுத்தேன். அய்ய, இன்னா அழுக்கு, இன்னா அழுக்கு. மீன் வாசன வேற. சோடா போட்டு ரெண்டு தபா அலசனேன். நகரிப் பொடவைக்கு கலக்கன நேவி ப்ளூ மிச்சம் கெடந்துது. கெட்டிச் சாயம். இனிமே நீ செத்தாலும் இது போவாது."

நான் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நைனா, அத இன்னும் பத்தொன்பது நாளு துவைக்கக் கூடாது."

கோல் நின்றது. "ஏன், மொக்கா?"

மாதக்கணக்கில் ஊரெல்லாம் செலவழித்த அந்தச் சொல் வாய் வரை வந்து நின்றது. ஆமாம் என்றால் போதும். ஆனால் இவர் நம்புவார். சாமி காரியத்தைத் தன் கையால் கெடுத்துவிட்டோம் என்று அன்றிரவே மலை ஏறக்கூடப் போய்விடுவார். முதலாளியிடம் சொல்ல முடிந்த பொய்யை இவரிடம் சொல்ல முடியவில்லை.

"இல்ல நைனா. சும்மா."

"சும்மாவா?" என்றார். "சும்மாவா பதினோரு மாசம் நாறிக்கினு திரிஞ்ச?"

சொன்னேன். மீசை, தேன்கூடு, நாற்பது பேர், ஓட்டு, மாமியாருக்குப் போகவேண்டிய போன், எல்லாவற்றையும். தொட்டிப் பக்கத்தில் லுங்கியோடு நின்று அதைச் சொல்லும்போதுதான் அது எவ்வளவு மோசமாக ஒலிக்கிறது என்று எனக்கே கேட்டது. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னை ஒரு வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அப்போ சாயம் போவணும். அதான் ஆர்டரு."

"ஆமா."

"கோடு கோடா போவணும்."

"ஆமா நைனா."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதாடா. இதுக்கு ஒரு வருசம் எதுக்கு? பிளீச்சிங் கீது, பிரஷ்ஷு கீது. டீ குடிக்கற நேரத்துல போட்டுக் குடுப்பேன்." அவர் அதற்குள் பேண்ட்டைக் கோலில் தூக்கிப் பிழிந்து பலகையில் விரித்துவிட்டார். காதில் செருகியிருந்த சாக்பீஸை எடுத்தார். இஞ்சி டேப்பை வைத்துத் தொடையை அளந்தார். "ஒரு பக்கத்துக்கு எத்தன?"

வாய் தானாக ஆறு என்றது. ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். மறைக்க ஒன்றுமில்லை, நன்றாகவே ஆசைப்பட்டேன். ஈரத் துணியின் மேல் சாக்பீஸ் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. குழுவில் ஒருவனுக்கும் இவ்வளவு நேர்த்தியான மீசை கிடையாது. படம் போட்டால் ஜெயித்துவிடுவேன். ஆனால் அவர் இடது தொடையிலும் அதே அளவு வைத்து, அதே ஆறு கோட்டைப் போட்டார். என் இடது பக்கத்துக்கு ஐந்துதான். ஆறாவது வராமல் போனதற்கு, நான் எப்போதும் வலது பக்கம் சாய்ந்தே உட்காருவதுதான் காரணம். கமோடில்கூட. அந்தக் கோணல் ஒன்றுதான் பதினொரு மாதமாக நான் சொந்தமாகச் செய்தது. அதையும் நைனா நேராக்கிக் கொடுத்துவிட்டால், பீரோவுக்கு அடியில் இருக்கிற எம்பிஏ புத்தகத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்காது.

"வேணாம் நைனா. உடு."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

கொடியில் காயப்போட்டார். வெயிலில் பேண்ட் கப்பல் அதிகாரியின் உடை மாதிரி, ஒரு கறை இல்லாமல், ஒரே சீராக ஆடியது. நைனா தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. வலது பாக்கெட் அருகே போய் விரலால் தடவினார்.

"இந்த சதுரம் மட்டும் சரியா புடிக்கல. லேசா தெரியுது. இன்னா வெச்சிருந்த இங்க?"

"போன்."

"இன்னொரு முக்கு முக்கிட்டா போய்டும்."

"அது இருக்கட்டும் நைனா," என்றேன், அவசரமாக. "அடையாளத்துக்கு."

தன் தொட்டியிலிருந்து குறையோடு ஒரு துணி வெளியே போகிறதே என்று அன்று சாயந்திரம் வரை அவருக்கு நிம்மதி இல்லை. பஸ் ஏறும்போதும் என் பாக்கெட்டைத்தான் பார்த்தார்.

திருப்பதியில் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி முதலில் மூச்சை இழுத்தாள். மீன் வாசனை இல்லை என்று தெரிந்ததும் நிமிர்ந்தாள். பேண்ட்டைப் பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். பாதியிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊர்ல எல்லாருக்கும் சாயம் போட்டுக் குடுக்கறவரு, பெத்த புள்ளைக்குப் போட மாட்டாரா?" என்றாள். பிறகு மறுபடி ஆரம்பித்தாள்.

மறுநாள் ஷோரூமில் முதலாளி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "மொக்கு தீரிந்தா?" நிறைவேறிவிட்டதா என்று கேட்டார். தீர்ந்துவிட்டது சார் என்றேன். அவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். ஊதுவத்தியை அன்றே நிறுத்திவிட்டார்.

பத்தொன்பதாவது நாள் வந்தது. குழுவில் காலையிலிருந்தே படங்கள் கொட்டின. சென்னையில் ஒருவனுடைய தேன்கூட்டைப் பார்த்தால் நக்கிப் பார்க்கத் தோன்றியது. நான் என் பேண்ட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். நேற்று வாங்கியது மாதிரி இருந்தது. பதினொரு மாதம் வியர்த்ததற்கு அந்த மங்கல் சதுரத்தைத் தவிர ஒரு சாட்சி இல்லை.

அப்போது மனைவி கைப்பையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள். பையின் நீலப் பக்கம் வெளியே தெரிந்தது.

"அந்தப் பைய கொஞ்சம் கொடு," என்றேன்.

பையைப் படம் எடுத்தேன். ஸ்கூட்டர் சீட்டை எடுத்தேன். பிளாஸ்டிக் நாற்காலி, பக்கத்து வீட்டுச் சுவர். ஷோரூமுக்கு ஓடி, விற்காமல் மூலைக்குத் தள்ளிவிட்ட அந்தக் கமோடை நல்ல வெளிச்சத்தில் இழுத்து வைத்து எடுத்தேன். மேகம் இரண்டும் அப்படியே இருந்தன, வலது கொஞ்சம் அழுத்தமாக. கடைசியாகக் கேன்வாஸ் ஷூ. எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டு, நடந்ததையும் எழுதி, 'பேண்ட்டிலிருந்து போன சாயம் இப்போது இங்கேயெல்லாம் இருக்கிறது' என்று முடித்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துக் குழுவை நடத்துகிறவர், தண்ணீர் பட்டதால் பேண்ட் போட்டியில் சேராது என்று தீர்ப்பு எழுதினார். அதற்குக் கீழே ஒருவர், அந்த ஷூவை இன்னும் கிட்டே காட்ட முடியுமா என்று கேட்டார். அடுத்தவர், எந்தக் கம்பெனி இப்படி நிறம் இறங்கிய ஷூ போடுகிறது என்று கேட்டார். மூன்றாமவருக்குக் கமோடின் விலை வேண்டும். சாயங்காலத்துக்குள் பேண்ட்டை எல்லோரும் மறந்து ஷூவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுப் பட்டியலில் என் பெயர் இல்லை.

நான் சோபாவில் சாய்ந்திருந்தேன். உள்ளே மனைவி போனில் பேசுவது கேட்டது.

"ஆமாம்மா, முடிச்சிட்டாரு... இல்லம்மா, அவரு முடிச்சிட்டாரு. அவங்க நைனாதான் துவைச்சிட்டாரு. அது இவரு கணக்குல வராது... எதுவா? அத உட்டுடு. நீ முடிச்சாருன்னு மட்டும் வெச்சிக்கோ."

போன மாதம் நைனா எங்கள் வீட்டுக்கு வந்தார். பேண்ட்டைத்தான் முதலில் கேட்டார். எடுத்துக் காட்டினேன். கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தார். விரல் சுத்தமாக இருந்தது. திருப்தியோடு தலையாட்டிவிட்டு வாசலுக்குப் போனவர், அங்கே என் கேன்வாஸ் ஷூவைப் பார்த்துவிட்டார். குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தார். கழுத்தில் இருட்டு, நடுவில் வானம், நுனியில் வெள்ளை.

"இதுவும் போய்க்கினுதான் கீது போல," என்றார் மெதுவாக.

வாங்கி உள்ளே கொண்டு போய், பூட்ஸ் இருக்கிற பரணில் அதற்கும் பின்னால் தள்ளி வைத்தேன். நகரிக்கு இப்போதெல்லாம் ரப்பர் செருப்பில்தான் போகிறேன்.